ஏக்கருக்கு எத்தனை குவிண்டால்?

நான்கு முளைக்குச்சி, ஒரு கயிறு, ஒரு டேப், ஒரு தராசு. உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் தையிலும் மாசியிலும் மக்காச்சோளம் முற்றி அறுவடைக்கு நிற்கும்போது, அந்தப் பருவத்தின் விளைச்சல் இவ்வளவு என்று அரசுக் கணக்கில் ஏறுவதற்கு இவைதான் கருவிகள். அடங்கலில் மக்காச்சோளம் என்று பதிவான சர்வே எண்களிலிருந்து சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுக்கிறார்கள். காட்டின் தென்மேற்கு மூலையில் நின்று, சமவாய்ப்பு எண் அட்டவணை சொல்லும் கணக்குப்படி நீளவாக்கில் இத்தனை காலடி, அகலவாக்கில் இத்தனை காலடி நடக்கிறார்கள். நின்ற இடத்தில் முளை அடித்து 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டுகிறார்கள். மூலைவிட்டம் 7.07 மீட்டர் வந்தால்தான் அது சதுரம். இல்லையென்றால் முளையைப் பிடுங்கி மறுபடி அடிக்க வேண்டும். சதுரத்துக்குள் இருக்கும் கதிரை ஒடித்து, மணியைப் பிரித்து, எடை போட்டு, காய்ந்த எடைக்குக் கணக்குப் பண்ணிப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்பது இதுதான்.

சதுரத்தில் கிடைத்த ஒவ்வொரு கிலோவும் எக்டருக்கு 400 கிலோவாகப் பெருகும். ஏக்கர் கணக்கில் சுமார் 162 கிலோ. தராசில் அரைக் கிலோ கூடக் குறைய இருந்தால் ஏக்கருக்கு 80 கிலோ மாறிவிடும்.

2016-இல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இந்தச் சதுரங்களின் மேல்தான் நிற்கிறது. பயிரைப் பொறுத்து வருவாய்க் கிராமமோ குறுவட்டமோ காப்பீட்டு அலகாக அறிவிக்கப்படுகிறது. அலகு மாவட்டமானால் குறைந்தது 24 பரிசோதனை, வட்டம் அல்லது வட்டாரமானால் 16, குறுவட்டமானால் 10, முக்கியப் பயிருக்குக் கிராமமே அலகானால் 4 என்று திட்ட நெறிமுறை சொல்கிறது. பத்துச் சதுரம் என்றால் 250 சதுர மீட்டர், அதாவது ஆறு சென்ட் சொச்சம். பல்லாயிரம் ஏக்கர் கொண்ட ஒரு குறுவட்டத்தின் விதி அந்த ஆறு சென்ட்டில் எழுதப்படுகிறது. கிராமம் அலகானால் அது இரண்டரை சென்ட்.

ஆறு சென்ட் போதுமா என்று திண்ணையில் கேட்டால் போதாது என்பார்கள். புள்ளியியலின் பதில் வேறு மாதிரி இருக்கும்: எதற்குப் போதும், எவ்வளவு பிசகுக்கு இடம் வைத்துப் போதும் என்று அது திருப்பிக் கேட்கும். அந்தப் பிசகை எண்ணாகச் சொல்லும் முறைக்கு நம்பிக்கை இடைவெளி என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் படித்துத் தேர்வோடு மறந்துபோகிற அந்தப் பாடம், உடுமலைக் காட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் எத்தனை ரூபாய் ஏறும் என்பதோடு நேரடியாகத் தொடர்புள்ளது. ஆனால் அறிவிக்கப்படும் விளைச்சலோடு அந்த இடைவெளி வருவதில்லை. சராசரி மட்டும் தனியாக வருகிறது. இந்தக் கட்டுரையின் வழக்கு அதைப் பற்றியதுதான்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்தப் பதிவேட்டிலிருந்தும் எடுத்தவை அல்ல. ஒரு குறுவட்டத்தில் பத்துச் சதுரங்கள். காய்ந்த மணியின் எடை, கிலோவில்: 17.2, 15.8, 9.4, 18.1, 12.6, 14.9, 7.7, 16.3, 13.5, 10.5. கூட்டினால் 136. சராசரி 13.6. எக்டருக்கு 5,440 கிலோ, ஏக்கருக்கு 22 குவிண்டால். வழக்கமாக இங்கேயே கணக்கை மூடிவிடுவார்கள்.

மூடாமல் அடுத்த படிக்குப் போவோம். ஒவ்வொரு சதுரமும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது? முதலாவது 3.6 கூடுதல், மூன்றாவது 4.2 குறைவு, ஏழாவது 5.9 குறைவு, எட்டாவது 2.7 கூடுதல். இப்படிப் பத்து விலக்கங்களையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 110.1 வருகிறது. இதைப் பத்தால் வகுக்காமல் ஒன்பதால் வகுக்கிறோம். சராசரியை இதே பத்து எண்களிலிருந்துதான் எடுத்தோம். ஒன்பது விலக்கம் தெரிந்தால் பத்தாவது தானாகவே தெரிந்துவிடும், அதில் புதுச் செய்தி எதுவும் இல்லை. வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 3.5 கிலோ. இது திட்ட விலக்கம். ஒரு காட்டுக்கும் இன்னொரு காட்டுக்கும் உள்ள ஏற்ற இறக்கத்தின் அளவு இது.

நமக்கு வேண்டியது காட்டுக்குக் காடு உள்ள வேறுபாடு அல்ல, சராசரியின் தள்ளாட்டம். இன்னொரு குலுக்கலில் வேறு பத்து சர்வே எண்கள் வந்திருந்தால் சராசரி 13.6 ஆகவே இருந்திருக்காது, எவ்வளவு நகர்ந்திருக்கும்? 3.5-ஐ பத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 1.1 கிலோ. இதுதான் திட்டப்பிழை. வர்க்கமூலத்தால் வகுக்கிறோம் என்பதில் ஒரு கசப்பு உண்டு: பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் சதுரங்களை நான்கு மடங்காக்க வேண்டும். பத்துக்குப் பதில் நாற்பது.

இனி இந்த 1.1-ஐ எதனால் பெருக்குவது என்பதுதான் மீதி. பெரிய மாதிரிகளுக்கு 95 சதவீத இடைவெளி வேண்டுமானால் 1.96 என்று பாடநூல் சொல்லும். பத்தே பத்துச் சதுரத்துக்கு அது சரிப்படாது. திட்ட விலக்கத்தையே பத்து எண்களை வைத்துத்தானே மதிப்பிட்டோம்? அந்த மதிப்பீட்டிலும் ஒரு தள்ளாட்டம் இருக்கிறது. அதையும் சேர்த்தால் பெருக்க வேண்டிய எண் 2.262. அப்போது 13.6-க்கு இருபுறமும் 2.5 கிலோ: 11.1 முதல் 16.1 வரை. எக்டருக்கு 4,440 முதல் 6,440 கிலோ. ஏக்கருக்கு 18 முதல் 26 குவிண்டால்.

22 என்று ஒற்றை எண்ணாகக் கேட்பதற்கும் 18 முதல் 26 வரை என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாடு பருவத்துக்குப் பருவம் கடன் அடைக்கிறவருக்குப் புரியும்.

2.262 என்ற எண்ணுக்கு ஒரு கதை உண்டு. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் சீலி காசெட் என்ற வேதியியலாளர், வாற்கோதுமையையும் ஹாப் பூவையும் சோதிக்கும்போது ஒரு சிக்கலில் மாட்டினார்: சோதனைக்கு நாலைந்து மாதிரிதான் கிடைக்கும், அன்றைய புள்ளியியலோ நூற்றுக்கணக்கில் கேட்டது. 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரைதான் சிறு மாதிரிகளுக்கான முதல் சரியான விடை. தன் சூத்திரம் சரிதானா என்று பார்க்க அவர் செய்தது எனக்குப் பிடித்த பகுதி. குற்றவாளிகள் 3,000 பேரின் உயரமும் இடக்கை நடுவிரல் நீளமும் ஏற்கெனவே பதிவாகியிருந்தன. அவற்றை அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகள் ஆக்கினார். ஒவ்வொன்றுக்கும் சராசரி கண்டு, சூத்திரத்தோடு ஒப்பிட்டார். மாதிரிக்கு நான்கு. நம் காப்பீட்டுத் திட்டம் ஒரு கிராமத்துக்குக் கட்டாயமாக்கியிருப்பதும் நான்குதான்.

அந்த நான்குக்குப் பெருக்கும் எண் 3.182. ஒரே கிராமத்துக்குள் காட்டுக்குக் காடு வேறுபாடு குறைவாகத்தான் இருக்கும். திட்ட விலக்கத்தை 3.5-இலிருந்து 2 கிலோவாகவே குறைத்துக்கொள்வோம். திட்டப்பிழை 1 கிலோ, இடைவெளி இருபுறமும் 3.2 கிலோ. எக்டருக்கு முன்னும் பின்னும் 1,270 கிலோ. பத்துச் சதுரத்துக் குறுவட்டத்தைவிட நான்கு சதுரத்துக் கிராமம் மங்கலாகத் தெரிகிறது. அலகைச் சிறிதாக்கினால் நியாயம் கூடும் என்று விவசாயச் சங்கங்கள் கேட்டது சரியான கோரிக்கைதான். ஆனால் அலகைச் சுருக்கும்போது சதுரங்களின் எண்ணிக்கையையும் சுருக்கினால், ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கை வாங்கிக்கொள்கிறது.

இப்போது பொருள் கொள்ளும் பகுதிக்கு வருவோம். கணக்கைவிட இங்கேதான் தவறு அதிகம். படித்தவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

முதல் தவறு: 11.1 முதல் 16.1 வரை என்றால் 95 சதவீதக் காடுகளில் அந்த அளவு விளைந்திருக்கிறது என்று படிப்பது. நம் பத்துச் சதுரங்களையே திரும்பப் பாருங்கள். அந்த எல்லைக்குள் இருப்பவை 15.8, 12.6, 14.9, 13.5 ஆகிய நான்கு மட்டும். மூன்று மேலே, மூன்று கீழே. இடைவெளி பேசுவது குறுவட்டத்தின் சராசரியைப் பற்றி. உங்கள் காட்டைப் பற்றியோ என் காட்டைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லவில்லை. பயிர்க் காப்பீட்டில் வட்டார முறையை வலியுறுத்தியவர் பொருளியலாளர் வி. எம். தாண்டேகர். ஒவ்வொரு காட்டையும் தனித்தனியே அளக்க இந்தியாவில் ஆளும் இல்லை பணமும் இல்லை, ஆகவே ஒரே தன்மையுள்ள வட்டாரத்துக்கு ஒரே விளைச்சல் என்று வைத்துக்கொள்வோம் என்பது 1970-களில் அவர் முன்வைத்த வாதம். அதன் விலை நம் பட்டியலிலேயே தெரிகிறது: 7.7 கிலோ விளைந்தவருக்கும் 18.1 விளைந்தவருக்கும் ஒரே இழப்பீட்டு விகிதம்.

இரண்டாம் தவறு நுட்பமானது. மெய்யான சராசரி 11.1-க்கும் 16.1-க்கும் இடையில் இருக்க 95 சதவீத வாய்ப்பு என்று சொல்வது. கேட்க இயல்பாக இருக்கிறது. ஆனால் குறுவட்டம் முழுவதையும் அறுத்து எடை போட்டால் கிடைக்கும் மெய்ச் சராசரி ஒரு நிலையான எண். அது எங்கும் நகராது. குலுக்கலுக்குக் குலுக்கல் நகர்வது நாம் கட்டும் இடைவெளி. நூறு குறுவட்டங்களில் இதே முறையைச் சரியாகப் பின்பற்றினால், நூறு இடைவெளிகளில் ஏறத்தாழ 95 தத்தம் மெய்ச் சராசரியைப் பிடித்திருக்கும், ஐந்து தவறவிட்டிருக்கும். நம்முடையது எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. 95 சதவீதம் என்பது முறைக்குக் கொடுத்த சான்றிதழ். கையிலிருக்கும் இரண்டு எண்களுக்கு அல்ல.

இந்த விளக்கம் பிறந்தபோதே சண்டையோடுதான் பிறந்தது. போலந்துக்காரர் யெர்சி நெய்மன் 1934 ஜூனில் லண்டன் ராயல் புள்ளியியல் கழகத்தில் இந்த முறையை முன்வைத்து ஒரு கட்டுரை வாசித்தார். கூட்டத்தில் பேசிய ஆர்தர் பௌலி, மாதிரி ஆய்வில் பழுத்தவர், இது நமக்கு வேண்டிய கேள்விக்கு விடை சொல்கிறதா என்று ஐயப்பட்டார். மெய் அளவு இந்த எல்லைக்குள் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதானே தெரிய வேண்டும், நீங்கள் அதைச் சொல்லவில்லையே என்பது அவர் குறை. நெய்மன் 1937-இல் கோட்பாட்டை முழுமையாக எழுதினார். பௌலியின் குறைக்கு அதிலும் விடை கிடையாது, ஏனென்றால் அந்தக் கேள்விக்குத் தன் முறை விடை சொல்வதாக நெய்மன் உரிமை கோரவே இல்லை. பௌலி கேட்ட விடை வேண்டுமானால், காட்டுக்குப் போகும் முன்பே மெய் அளவைப் பற்றி நாம் என்ன நினைத்தோம் என்பதையும் கணக்கில் கொண்டுவர வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் முன்நினைப்பும் காட்டுக்காரரின் முன்நினைப்பும் ஒன்றாக இருக்குமா? இரு தரப்பும் ஏற்கக்கூடிய பொது முறையாக நெய்மனுடையதுதான் இங்கே நிற்கும் என்பது என் எண்ணம்.

சரி, இழப்பீட்டுக்கு வருவோம். கடந்த ஏழு ஆண்டுகளில் நன்றாக விளைந்த ஐந்தின் சராசரியை எடுத்து, அறிவிக்கப்பட்ட ஈட்டளவால் (70, 80 அல்லது 90 சதவீதம்) பெருக்கினால் வாசல் விளைச்சல். பரிசோதனையில் வந்த சராசரி அதைவிட எத்தனை சதவீதம் குறைவோ, காப்பீட்டுத் தொகையில் அத்தனை சதவீதம் இழப்பீடு. நம் குறுவட்டத்தின் வாசல் 5,600 கிலோ என்றும் ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 30,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். வந்த விளைச்சல் 5,440. குறைவு 160 கிலோ, 2.86 சதவீதம். இழப்பீடு 857 ரூபாய்.

மெய்ச் சராசரி இடைவெளியின் கீழ் முனையில், 4,440-இல் இருந்திருந்தால்? 6,214 ரூபாய். மேல் முனையில் இருந்திருந்தால் ஒரு பைசா கிடையாது. வாசல் விளைச்சல் நம் இடைவெளிக்குள் விழுகிறது. இந்தப் பருவம் வாசலுக்கு மேலா கீழா என்பதையே பத்துச் சதுரங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் பணம் 857 என்று துல்லியமாக ஏறுகிறது.

இதற்கு ஒரு பழைய சமாதானம் உண்டு: ஒரு வருசம் கூடும், ஒரு வருசம் குறையும், நாலு வருசத்தில் சரியாகிவிடும். சராசரியைப் பொறுத்தவரை அது உண்மை. இழப்பீட்டைப் பொறுத்தவரை உண்மையல்ல. வாசலுக்குக் கீழே போனால் பணம் வரும். மேலே போனால் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்பதில்லை. ஆகவே பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாது. மெய்ச் சராசரி அச்சு அசலாக வாசல் அளவிலேயே, 14 கிலோவில், நிற்பதாகக் கொள்ளுங்கள். நியாயப்படி இழப்பீடு பூஜ்யம். ஆனால் 1.1 கிலோ திட்டப்பிழையோடு மாதிரி எடுத்தால் பாதி முறை சராசரி 14-க்குக் கீழே வரும்; இயல்நிலைப் பரவலை வைத்துக் கணக்கிட்டால் சராசரியாக ஏக்கருக்குச் சுமார் 940 ரூபாய் இழப்பீடு போகும். அந்தப் பணம் வானத்திலிருந்து வருவதில்லை. நிறுவனம் அதைப் பிரிமியத்தில் ஏற்றும். காரிப் உணவுப் பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு 1.5 சதவீதம் என்று விவசாயியின் பங்குக்கு உச்சவரம்பு இருப்பதால் மிச்சத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. சதுரங்களைக் குறைத்துச் சிக்கனம் பண்ணுவதாக நினைக்கும் அரசு, இன்னொரு வழியாக அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் எத்தனை சதுரம் வேண்டும்? நம் எண்களில் சராசரியை முன்பின் 5 சதவீதத்துக்குள் பிடிக்க நூறுக்கு மேல். அறுவடை நெரிசலில் ஒரு குறுவட்டத்துக்கு நூறு பரிசோதனை என்பது நடக்கிற காரியமல்ல. ஆனால் சதுரங்களைக் கூட்டாமலே இடைவெளியைச் சுருக்க ஒரு வழி இருக்கிறது. உடுமலை அதற்கு ஏற்ற ஊர்.

பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் பாசனப் பரப்பு சுமார் 3.77 லட்சம் ஏக்கர், நான்கு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. திருமூர்த்தி அணையிலிருந்து ஒவ்வொரு மண்டலத்துக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் வாய்க்காலில் தண்ணீர் வரும். தண்ணீர் வந்த மண்டலத்தில் மக்காச்சோளம் ஆள் உயரம் தாண்டி நிற்கும். பக்கத்தில் முறை வராத மேட்டுக்காடு வடகிழக்கு மழையை நம்பிக் கிடக்கும். குடிமங்கலம் பக்கத்துக் கரிசல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். செம்மண் சீக்கிரம் விட்டுவிடும். ஒரு சோற்றைப் பதம் பார்ப்பது ஒரே அடுப்பில் வெந்த பானைக்குத்தான் சரிப்படும். இங்கே ஒரே குறுவட்டத்துக்குள் இரண்டு பானை இருக்கிறது.

நம் பத்துச் சதுரங்களில் 17.2, 15.8, 18.1, 14.9, 16.3 ஆகிய ஐந்தும் தண்ணீர் பாய்ந்த காடுகள், மீதி ஐந்தும் மானாவாரி என்று வைத்துக்கொள்வோம்; பரப்பும் பாதிக்குப் பாதி. இந்தப் பிரிவினை எடை போடும் முன்பே, அடங்கலையும் வாய்க்கால் முறையையும் பார்த்துச் செய்ததாக இருக்க வேண்டும். எடையைப் பார்த்த பிறகு பிரித்தால் அது கணக்கல்ல, ஜோடனை. தண்ணீர்க் காடுகளின் சராசரி 16.46, மானாவாரி 10.74. இரண்டையும் சேர்த்தால் அதே 13.6. ஆனால் திட்டப்பிழை 1.1-இலிருந்து 0.6-க்கு இறங்கிவிடுகிறது. காரணம் எளிது: முன்பு ஏற்ற இறக்கம் என்று எண்ணியதில் பெரும்பகுதி, தண்ணீருக்கும் மானாவாரிக்கும் உள்ள இடைவெளி. அது குலுக்கலின் விளையாட்டு அல்ல, முன்கூட்டியே தெரிந்த செய்தி. இடைவெளி 12.1 முதல் 15.1 வரை சுருங்குகிறது. அதே பத்துச் சதுரம், அதே ஆட்கள், அதே தராசு. வாசல் அளவில் வீணாகும் 940 ரூபாயும் ஐந்நூறு சொச்சத்துக்கு இறங்கும்.

இன்னொன்றும் தெரிகிறது. தண்ணீர்க் காடுகள் ஒன்றுபோல இருக்கின்றன, மானாவாரியில்தான் 7.7-உம் 13.5-உம். அப்படியானால் சதுரங்களை ஐந்துக்கு ஐந்து என்று பங்கிடாமல் மானாவாரிக்கு அதிகம் கொடுப்பதே புத்தி. பரப்போடு ஏற்ற இறக்கத்தையும் பார்த்துப் பங்கிடும் இந்த விதி இன்று நெய்மன் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. நம்பிக்கை இடைவெளி பேசப்பட்ட அதே 1934 கட்டுரையில் இதுவும் இருக்கிறது. அடுத்த ஆண்டே இந்தப் பங்கீட்டை மேலும் ஆராய்ந்து எழுதியவர், அப்போது லண்டனில் நெய்மனிடமும் எகான் பியர்சனிடமும் படித்துக்கொண்டிருந்த சதாரா மாவட்டத்துக்காரர், பாண்டுரங்க வாசுதேவ் சுகாத்மே. 1940-இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமத்துக்கு வந்து, நாடு முழுவதும் குலுக்கல் முறையில் பயிர் அறுவடைப் பரிசோதனை பரவக் காரணமானவர் அவர். லண்டன் கூட்டத்துக்கும் உடுமலைக் காட்டில் அடிக்கும் முளைக்குச்சிக்கும் நடுவில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார்.

குலுக்கல் பரிசோதனைக்கு முன்பு இருந்தது ஆனாவாரி. கிராமக் கணக்குப்பிள்ளை காட்டைப் பார்த்து, வழக்கமான விளைச்சலில் பதினாறு அணாவுக்கு இத்தனை அணா என்று கண்ணால் மதிப்பிட்டு எழுதுவார். 1920-களில் பீகார் – ஒரிசா மாகாணத்தில் ஜே. ஏ. ஹப்பக் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி குலுக்கல் முறையில் நெல்லை அறுத்து எடை போட்டுக் காட்டினார். வங்காளத்தில் புள்ளியியலாளர் மகலனோபிஸ் அதைப் பெரிய அளவுக்குக் கொண்டுபோனார். பிறகு 1940-களில் மகலனோபிஸுக்கும் சுகாத்மேவுக்கும் ஒரு தகராறு வந்தது. சதுரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது பிரச்சினை. நம்பிக்கை இடைவெளி எதைக் காட்டாது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

மகலனோபிஸ் சில அடி ஆரமுள்ள சின்ன வட்டங்களை அறுத்தார். விரைவில் முடியும், ஆகவே நிறைய இடங்களில் அறுக்கலாம். சுகாத்மே பெரிய துண்டையும் சின்னத் துண்டையும் ஒரே வயல்களில் ஒப்பிட்டு, துண்டு சிறுக்கச் சிறுக்க விளைச்சல் கூடுதலாகக் காட்டுகிறது என்று 1946-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். எல்லையில் நிற்கும் செடி உள்ளேயா வெளியேயா என்ற ஐயம் வரும்போது கை தானாக அதை உள்ளே சேர்த்துக்கொள்கிறது. சின்னத் துண்டுக்கு எல்லை விகிதம் அதிகம். இரண்டடி ஆர வட்டத்தில் ஆரம் 5 சென்டிமீட்டர் பிசகினால் பரப்பு 17 சதவீதம் கூடிவிடும். 5 மீட்டர் சதுரத்தில் நான்கு பக்கமும் அதே 5 சென்டிமீட்டர் வெளியே போனாலும் 4 சதவீதம்தான். பயிற்சி பெற்ற ஆட்கள் அறுத்தால் சின்னத் துண்டிலும் பிசகு வராது என்று மகலனோபிஸ் தரப்பு பதில் சொன்னது. அரசு நடைமுறை சுகாத்மே பக்கம் சாய்ந்தது.

மக்காச்சோளத்தில் இந்தச் சிக்கல் இன்னும் முரட்டுத்தனமாக வரும். வீரிய ஒட்டு ரகத்துக்குப் பாருக்குப் பார் 60 சென்டிமீட்டர். ஐந்து மீட்டரில் எட்டே கால் பார் சொச்சம் அடங்கும். கால் பார் என்று ஒன்று காட்டில் கிடையாது. எட்டு இருக்கும் அல்லது ஒன்பது இருக்கும். கயிறு விழுந்த இடத்தைப் பொறுத்து நேர்மையாக எண்ணினால் சில சதுரத்தில் எட்டும் சிலவற்றில் ஒன்பதும் வந்து சரியாகிவிடும். எப்போதும் ஒன்பதாவது பாரை உள்ளே இழுத்துக்கொண்டால் எல்லாச் சதுரத்திலும் விளைச்சல் 8 சதவீதம் கூடும். எப்போதும் எட்டோடு நிறுத்தினால் 4 சதவீதம் குறையும். சதுரத்தைச் சுற்றி நிற்பவர்களில் காப்பீட்டு நிறுவனத்தின் ஆளுக்கு ஒன்பது இனிக்கும், காட்டுக்காரருக்கு எட்டு இனிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

8 சதவீதப் பிசகு எல்லாச் சதுரத்திலும் ஒரே பக்கமாக நடந்தால் இடைவெளியில் அது தெரியவே தெரியாது. சதுரங்களுக்கிடையே உள்ள வேறுபாடு அப்படியே இருக்கும், திட்டப்பிழையும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். இடைவெளி மொத்தமாக மேலே நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். நூறு சதுரம் அறுத்தால் இன்னும் மோசம்: தவறான இடத்தில் மிகக் குறுகலான இடைவெளி கிடைக்கும். குலுக்கலில் வந்த காடு முந்தின வாரமே அறுவடையாகிவிட்டது என்று பக்கத்துக் காட்டை எடுப்பது, படைப்புழு தின்ற காட்டைப் பார்த்ததும் இது வேண்டாம் என்று தள்ளுவது, ஈரப்பதம் பார்க்காமல் பச்சை எடையை எழுதுவது, இவையெல்லாம் இதே வகை. 2018-இல் படைப்புழு முதன்முதலாக இந்தியாவுக்குள் வந்தபோது ஒரே பருவத்தில் காட்டுக்குக் காடு சேதம் எப்படி மாறியது என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட பருவத்தில் எந்தக் காடு விட்டுப்போனது என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும்.

செயற்கைக்கோள் படத்தை வைத்து விளைச்சலைக் கணிக்கும் முறைக்கு 2023 காரிப் முதல் நெல்லிலும் கோதுமையிலும் குறைந்தது 30 சதவீத மதிப்பு கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்களின் கைப்பிசகுக்கு அது ஒரு மாற்று. ஆனால் அந்தக் கணிப்பு மாதிரிகளைப் பழக்குவதற்கும் சரிபார்ப்பதற்கும் தரையில் அறுத்த சதுரங்கள்தான் வேண்டும். சதுரத்தில் ஒன்பதாவது பார் உள்ளே வந்திருந்தால் செயற்கைக்கோளும் ஒன்பது என்றே கற்றுக்கொள்ளும்.

நம்பிக்கை இடைவெளியை அறிவிக்கச் சொல்வதால் இதெல்லாம் தீர்ந்துவிடாது. ஆனால் அதை அறிவிக்கக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. ஒவ்வொரு சதுரத்தின் எடையும் இடமும் படமும் இப்போது கைப்பேசிச் செயலியில் பதிவாகின்றன. சராசரியைப் போடும் அதே கணினி திட்ட விலக்கத்தையும் போட்டுவிடும். அறிவிக்கையில் விளைச்சலுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் கூட்டினால் போதும்: எத்தனை சதுரம், எவ்வளவு திட்ட விலக்கம். மற்றதைக் கைப்பேசிக் கால்குலேட்டரில் யாரும் போட்டுக்கொள்ளலாம்.

அதுவரை, மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க் கூட்டத்தில் விளைச்சல் குறைத்துக் காட்டப்பட்டது, கூட்டிக் காட்டப்பட்டது என்று பொதுவாகப் பேசுவதைவிட நான்கு கேள்விகளை மனுவாகவே எழுதிக் கொடுக்கலாம். நம் குறுவட்டத்தில் எத்தனை சதுரம் அறுத்தீர்கள்? ஒவ்வொன்றின் காய்ந்த எடை என்ன? குலுக்கலில் வந்த சர்வே எண்களில் எவை மாற்றப்பட்டன, ஏன்? தண்ணீர் பாய்ந்தவை எத்தனை, மானாவாரி எத்தனை? முதல் இரண்டுக்கும் பதில் கிடைத்தால் இடைவெளியைக் கட்டிவிடலாம். பின் இரண்டுக்கும் பதில் வந்த பிறகுதான், அந்த இடைவெளி நம்பத் தக்கதா என்று பார்க்க ஆரம்பிக்க முடியும்.